பெப்பரோனி பீட்சாவில் என்ன இருக்கிறது?



தேர்வாய் கண்டிகை சிப்காட்டில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் சம்பளம் வந்ததும் வீட்டுக்கு பீட்சா வாங்கி வருவது இப்போது வழக்கமாகிவிட்டது. நல்ல மனதுதான். ஆனால் பெப்பரோனி என்பது அமெரிக்காவில் பன்றியும் மாடும் கலந்து உப்பிட்டுப் பதப்படுத்திய இறைச்சி. நம் நாட்டில் கோழி பெப்பரோனியும் கிடைக்கிறது. எந்த இறைச்சி, ஹலாலா என்று கடையில் கேட்டுவிட்டே வாங்குங்கள்.

கேள்வி அத்தோடு முடிவதில்லை. 14 அங்குல பீட்சாவை எட்டாக வெட்டினால் ஒரு துண்டில் சுமார் 310 கலோரி, கொழுப்பும் புரதமும் தலா 13 கிராம், மாவுச்சத்து 35 கிராம். புரதத்தைக் குறை சொல்ல மாட்டோம், கவலை உப்பில்தான். ஒரு துண்டில் ஏறக்குறைய 2 கிராம் உப்பு. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு ஒரு நாள் முழுவதற்கும் சொல்லும் அளவே 5 கிராமுக்குள். மூன்று துண்டில் அது தாண்டிவிடும். காலை சாம்பார், மதியக் குழம்பு, ஊறுகாய் எல்லாம் தனிக் கணக்கு!

இறைச்சியில் மட்டுமல்ல, சீஸ், சாஸ், மாவு எல்லாவற்றிலும் உப்பு உண்டு. ஹலால் முத்திரை உப்பைக் குறைப்பதில்லை. ஹலாலோடு தய்யிபும் பார்க்கச் சொல்லும் மார்க்கம் நம்முடையது.

பதப்படுத்திய இறைச்சியைத் தினமும் 50 கிராம் தின்றால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 சதவீதம் கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-ல் அறிவித்தது. எப்போதோ ஒருமுறை சாப்பிடுபவர் இதற்காக அஞ்ச வேண்டாம்.

10 அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் உள்ள உணவகங்கள் மெனுவில் கலோரி போட வேண்டும் என்பது விதி, பார்த்து வாங்கலாம். வீட்டில் பிரஷருக்கு மாத்திரை சாப்பிடும் அத்தா, அம்மா இருந்தால் பெப்பரோனிக்குப் பதில் காய்கறி பீட்சா, அதுவும் ஒரு துண்டு, கூடவே வெள்ளரிக்காய். எக்ஸ்ட்ரா சீஸ் வேண்டாம்.