வாங்குவதா, காத்திருப்பதா?

பினாங்கு ஜோர்ஜ்டவுனில் உள்ள லிட்டல் இந்தியா கடைகளில் தமிழ்ப்படங்கள் முதலில் வீடியோ நாடாக்களாகவும் பின்னர் வட்டுகளாகவும் கிடைத்தன. இன்று அவை கைப்பேசிக்கே வந்துவிடுகின்றன. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் குடும்பங்களில் எழுந்த கேள்வி ஒன்றே: கருவியை இப்பொழுதே வாங்குவதா, சிறந்தது வரும்வரை காத்திருப்பதா?

சோனி நிறுவனம் 1975ஆம் ஆண்டு பீட்டாமேக்ஸ் நாடாவை அறிமுகப்படுத்தியது. மறு ஆண்டே ஜேவிசி நிறுவனம் வி.எச்.எஸ். நாடாவை வெளியிட்டது. முன்னதில் தொடக்கத்தில் ஒரு மணி நேரமே பதிவு செய்ய முடிந்தது. பின்னதில் இரண்டு மணி நேரம் பதியலாம். ஆகவே, மக்கள் வி.எச்.எஸ்.ஸையே நாடினர். 2006ஆம் ஆண்டில் எச்டி டிவிடியும் புளூரேயும் மோதின. 2008ஆம் ஆண்டில் தோஷிபா எச்டி டிவிடியைக் கைவிட்டது. முந்திக்கொண்டு அதை வாங்கியோருக்குக் கருவி மிஞ்சியது, புதுப்படங்கள் வரவில்லை.

அப்படியானால் காத்திருப்பதே நன்றா? 1976 முதல் 2006 வரை காத்திருந்த குடும்பம், முப்பது ஆண்டுக்கால நிகழ்வுகளைப் பதிவு செய்யாமலே இழந்திருக்கும். பாட்டியின் குரலும் தம்பியின் முதல் நடையும் மீண்டும் வாரா.

வாங்கியதைப் பேணுவதும் கடமையாகும். ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016ஆம் ஆண்டில் வி.எச்.எஸ். கருவித் தயாரிப்பை நிறுத்தியது. காந்த நாடாவும் நாளடைவில் பழுதாகும். வீட்டிலுள்ள திருமண நாடாக்களை இயக்கக் கருவி கிடைக்கும்போதே அவற்றை மின்னிலக்கக் கோப்புகளாக மாற்றிவிட வேண்டும்.

திருவள்ளுவர் காலமறிதலுக்கென ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். தேவை இன்று இருந்தால் வாங்கலாம். ஆசை மட்டும் இருந்தால் பொறுக்கலாம்.