விதை மட்டியோடு வரும் நோய்

பயிருக்கு நோய் கண்டால் மருந்து தெளிக்கிறோம். ஆட்டுக்குக் கண்டால் ஊசி போடுகிறோம். ஆனால் கழிமுகத்தில் வளரும் மட்டிக்கு நோய் கண்டால், ஓடும் நீரில் மருந்து நிற்காது. எனவே மட்டி வளர்ப்பில் வருமுன் காப்பதே வழி.

இரத்தப் புற்றுநோய்: வட அமெரிக்காவின் கிழக்குக் கரையில் உணவுக்காகத் தோண்டி எடுக்கப்படும் மெல்லோட்டு மட்டிகளை இந்நோய் தாக்குகிறது. அணுக்கள் வரம்பின்றிப் பெருகி, உடல்நீர் பால்போல் கலங்கி, மட்டி இறக்கிறது. அமெரிக்காவின் நியூயார்க், மெய்ன், கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவு ஆகிய இடங்களின் நோயுற்ற மட்டிகளை ஆராய்ந்தபோது, அவற்றின் புற்றணுக்கள் யாவும் ஒரே மட்டியில் தோன்றிய வழித்தோன்றல்களே என்பது 2015ல் தெரிய வந்தது. அதாவது, புற்றணுவே ஒரு மட்டியை விட்டு மற்றொன்றுக்குத் தொற்றுகிறது.

பெர்கின்சஸ் நோய்: இதற்குக் காரணம் ஓரணு ஒட்டுண்ணி. கொரியா, ஸ்பெயின் நாடுகளின் மட்டிப் படுகைகளில் இது பரவியுள்ளது. செவுளில் வெண்ணிற முடிச்சுகள் தோன்றும். நீர் சூடேறும் காலத்தில் நோய் முற்றும். நம் நாட்டு முத்துச் சிப்பியிலும் இவ்வொட்டுண்ணி கண்டறியப்பட்டுள்ளது. ஆகவே நாமும் விழிப்புடன் இருக்க வேண்டும்.

விதைத் தேர்வு: அமெரிக்காவில் கடின ஓட்டு மட்டியைத் தாக்கும் வேறொரு ஒட்டுண்ணி நோய் உண்டு. நியூ ஜெர்சியில் பல ஊர் விதைகளை ஒரே நீரில் வளர்த்துப் பார்த்தனர். வெப்பமான தென் கரோலினா, புளோரிடா விதைகளே அதிகம் நோயுற்று மடிந்தன. மலிவாகக் கிடைக்கிறதே என்று தொலைவிலிருந்து விதை வாங்குவோர் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

கடைப்பிடிக்க வேண்டியவை:

1. அந்தந்தப் பகுதி விதையையே இடுக. வெளி விதையானால் ஆய்வுக்கூடத்தில் சோதித்த பின்னரே நீரில் விடுக.

2. நெருக்கமாக இடாதீர்கள்.

3. வாய் பிளந்த, இறந்த மட்டிகளை உடனே அகற்றிக் கரையில், நீரேறாத இடத்தில் புதைக்கவும். மீண்டும் நீரில் எறியாதீர்கள்.

4. வேறு படுகையில் பயன்படுத்திய கூடை, வலை, வாரிகளைக் கழுவி வெயிலில் நன்கு உலர்த்துக.

5. சாவு கூடினால், அழுகியவற்றை அல்ல, உயிருள்ள மட்டிகளையே மீன்வள ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டு செல்லுங்கள்.

இந்நோய்கள் மனிதரைத் தொற்றுவதாக அறியப்படவில்லை. ஆயினும் இறந்த மட்டியை உண்ணவோ விற்கவோ கூடாது. நோயுள்ள ஒரு கூடை விதை உங்கள் படுகையோடு நில்லாது. அதே நீரைப் பகிரும் அண்டை வீட்டாரின் படுகைக்கும் செல்லும்.