கிட்டாரின் மெட்டு யார் கையில்: சுயாதீன ராக் குழுவின் முதல் ஆல்பம் குறித்துச் சில படிப்பினைகள்

பெரிய இசை நிறுவனத்தின் முன்பணமோ திரைப்படத்தின் விளம்பரமோ இல்லாமல், தன் பாடல்களைத் தானே எழுதித் தன் செலவிலேயே ஒலிப்பதிவு செய்து வெளியிடும் குழுவே சுயாதீன ராக் குழு எனப்படுகிறது. அத்தகைய குழுவின் முதல் ஆல்பம் மெட்டை முதன்மையாகக் கொண்டு, கிட்டாரால் நடத்தப்படும் ஒன்றாக இருக்குமானால், அதன் தலைவிதியை முடிவு செய்வது பாடல்களின் தரம் மட்டுமன்று. கிட்டாரின் ஒலி எப்படி அமைய வேண்டும் என்ற இறுதிச் சொல் யாருக்கு உரியது என்பதும், அந்தச் சொல் மீறப்பட்டால் அதைச் சரிசெய்யும் மூலப்பதிவு யாரிடம் இருக்கிறது என்பதும் ஆகும். இவ்விரண்டில் இரண்டாவதைப் பொருட்படுத்தாத குழு, எத்தனை நல்ல பாடல்களை வைத்திருந்தாலும், பிறர் விருப்பத்தின் கைதியாகவே முதல் ஆல்பத்தை வெளியிட நேரும்.

இக்கட்டுரையாளர் கிட்டார் வாசித்த சென்னைக் குழுவின் பட்டறிவே இம்முடிவுக்கு அடிப்படை. அக்குழுவின் பாடல்கள் இரண்டு கிட்டார்களை நம்பி எழுதப்பட்டவை: ஒன்று ஆர்பெஜியோ வாசிக்கும், அதாவது ஒரு கார்டின் சுரங்களை ஒருசேர மீட்டாமல் ஒன்றன்பின் ஒன்றாக உதிர்க்கும், மற்றொன்று பாடகரின் வரிகளுக்கு இடையே தனி மெட்டு ஒன்றைக் கொண்டு செல்லும். ஒலிப்பதிவுப் பொறுப்பை ஏற்றுக்கொண்ட ஸ்டுடியோவின் ஒலிப்பதிவாளரோ, ராக் என்றால் கனம், கனம் என்றால் அடுக்கு என்று உறுதியாக நம்பியவர். அவர் ஒவ்வொரு கிட்டார் பகுதியையும் நான்கு முறை வாசிக்கச் செய்து, டிஸ்டார்ஷனை, அதாவது ஆம்பை அதன் எல்லைக்கு மேல் இயக்குவதால் விளையும் கரகரப்பை, குழு கேட்டதைவிடப் பல மடங்கு ஏற்றிப் பதிவு செய்தார். கரகரப்பு மிகுதி என்று குழு சொன்னபோதெல்லாம், டிரை சிக்னலும் உடன் பதிவாகிறது, மிக்சிங்கில் எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளலாம் என்ற பதிலே கிடைத்தது.

டிரை சிக்னல் என்பது கிட்டாரின் பிக்கப்பிலிருந்து புறப்பட்டு, எந்தப் பெடலையும் ஆம்பையும் தொடாமல், டி.ஐ. பாக்ஸ் என்ற சிறு கருவியின் வழியாக நேரே கணினியில் சேரும் சமிக்ஞையாகும். பிக்கப்பின் உயர்மின்மறுப்புச் சமிக்ஞையை, நீண்ட கேபிளில் இரைச்சலின்றிச் செல்லக்கூடிய தாழ்மின்மறுப்புச் சமிக்ஞையாக மாற்றித் தருவதே அக்கருவியின் வேலை. இப்பதிவு கையில் இருந்தால், பல மாதங்கள் கழித்தும் அதை வேறொரு ஆம்புக்கு அனுப்பி, புதிய ஒலியில் மீண்டும் பதிவு செய்ய முடியும்; இதற்கு ரீ-ஆம்பிங் என்று பெயர். அது இல்லாதபோது, பதிவாகிவிட்ட கரகரப்பை எந்த மென்பொருளாலும் முழுமையாகப் பிரித்தெடுக்க இயலாது. மிக்சிங் முடிந்து கட்டணம் முழுவதும் செலுத்தப்பட்ட பின்னர் அக்குழுவிடம் ஒப்படைக்கப்பட்ட ஹார்ட் டிஸ்கில், கிட்டார் பகுதிகளுக்கு நான்கு அடுக்குகளும் ஒன்றாகக் கலக்கப்பட்ட ஸ்டீரியோ கோப்புகள் மட்டுமே இருந்தன. வாக்களிக்கப்பட்ட டிரை சிக்னல் ஒரு பாடலுக்குக்கூட இல்லை. அந்த ஆல்பத்தில் நேர்ந்த பிற குறைகள் அனைத்தையும் கூட்டினாலும் இந்த ஒரு இழப்புக்கு ஈடாகாது.

அடுக்குவதால் மெட்டு ஏன் மறைகிறது என்பதற்கு ஒலியியலில் தெளிவான விடை உண்டு. வழக்கமான சுருதியில் கிட்டாரின் தடித்த தந்தி ஏறத்தாழ 82 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. 22 ஃப்ரெட் கொண்ட கிட்டாரின் மிக உயர்ந்த சுரம் 1,175 ஹெர்ட்ஸை ஒட்டி அமைகிறது. அதற்கு மேல் அச்சுரங்களின் மேல்தொனிகள் பரவுகின்றன. மனிதச் செவி மிகக் கூர்மையாக உணரும் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில்தான் பாடகரின் உச்சரிப்புத் தெளிவும், பிக் தந்தியைத் தொடும் கணத்தின் கூர்மையும் குடியிருக்கின்றன. ஒரே பகுதியை நான்கு முறை வாசித்து அடுக்கும்போது, ஒவ்வொரு வாசிப்பும் சில மில்லி விநாடிகள் முன்பின்னாக விழுவதால், அந்தத் தொடுகையின் கூர்மை மழுங்கிவிடுகிறது. மிகுந்த டிஸ்டார்ஷன் வேறொரு தீங்கையும் செய்கிறது: ஒரே நேரத்தில் ஒலிக்கும் இரண்டு சுரங்களிலிருந்து, அவற்றின் கூட்டலும் கழித்தலுமான புதிய அதிர்வெண்களை அது உண்டாக்குவதால், மூன்றாம் சுரம் சேர்ந்த முழுக் கார்டுகள் கலங்கிப்போகின்றன. கடின ராக்கில் ஆதார சுரமும் ஐந்தாம் சுரமும் மட்டுமே கொண்ட பவர் கார்டு பெருவழக்காக இருப்பதற்கு இதுவே முக்கியக் காரணம். ஆர்பெஜியோவை நம்பிய பாடலின்மேல் அந்த முறையை ஏற்றுவது, இழைக்கோலத்தின்மேல் மாவை அள்ளிக் கொட்டுவதற்கு ஒப்பாகும்.

ஒலியின் இறுதிச் சொல் குழுவுக்கே உரியது என்பதற்கு மெட்டார்ந்த கிட்டார் ஆல்பங்களின் வரலாறும் சான்று பகர்கிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸ் நகரைச் சேர்ந்த ஆர்.ஈ.எம். குழு, ஐ.ஆர்.எஸ். நிறுவனத்துக்காகத் தன் முதல் ஆல்பத்தைத் தொடங்கியபோது, ஸ்டீபன் ஹேக் என்ற தயாரிப்பாளருடன் ஒரு பாடலைச் சோதனையாகப் பதிவு செய்தது. திரும்பத் திரும்ப டேக் எடுக்கவைத்ததும், பின்னர் சின்தசைசர் ஒலிகள் சேர்க்கப்பட்டதும் குழுவுக்குப் பிடிக்கவில்லை. அவர்கள் நிறுவனத்திடம் பேசி, தங்கள் முந்தைய பதிவுகளில் உடனிருந்த மிட்ச் ஈஸ்டரையும் அவருடன் டான் டிக்சனையும் பெற்று, வட கரோலினாவின் ஷார்லட் நகரில் ‘மர்மர்’ ஆல்பத்தைப் பதிவு செய்தனர். குழுவின் கிட்டார் கலைஞர் பீட்டர் பக்கின் ரிக்கன்பேக்கர் கிட்டார் ஒவ்வொரு சுரமும் தனித்துக் கேட்கும்படி ஒலிக்கும் அந்த ஆல்பம் 1983 ஏப்ரலில் வெளிவந்து, அவ்வாண்டின் சிறந்த ஆல்பமாக ‘ரோலிங் ஸ்டோன்’ இதழின் விமர்சகர்களால் தேர்ந்தெடுக்கப்பட்டது.

மான்செஸ்டரின் ‘தி ஸ்மித்ஸ்’ குழு அதைவிடக் கடினமான முடிவை எடுத்தது. 1983-இல் டிராய் டேட்டின் தயாரிப்பில் முதல் ஆல்பம் முழுவதுமே பதிவாகிவிட்ட நிலையில், அப்பதிவு கைவிடப்பட்டு, ஜான் போர்ட்டரின் தயாரிப்பில் பாடல்கள் புதிதாகப் பதிவு செய்யப்பட்டன. ரஃப் டிரேட் என்ற சுயாதீன நிறுவனம் 1984 பிப்ரவரியில் வெளியிட்ட அந்த ஆல்பம் பிரிட்டன் பட்டியலில் இரண்டாம் இடத்தைப் பிடித்தது. கைவிடப்பட்ட பதிவே சிறந்தது என்று வாதிடும் இரசிகர்கள் இன்றும் உளர். ஆயினும் முதல் ஆல்பத்தின் ஒலி தமக்கு நிறைவு தரவில்லை என்றால் அதை மீண்டும் பதிவு செய்வது ஒரு குழுவின் உரிமை என்பதை அந்நிகழ்வு ஐயமின்றி நிறுவியது.

சென்னைக் குழுவும் அந்த உரிமையையே பயன்படுத்தி, கையில் கிடைத்த மிக்ஸை வெளியிடாமல், எல்லாக் கிட்டார்களையும் வேறோர் இடத்தில் முதலிலிருந்து வாசித்துப் பதிவு செய்தது. டிரம்ஸும் பாட்டும் தனித்தனி டிராக்குகளாகக் கிடைத்திருந்ததால்தான் அது இயன்றது. ‘ஆல்பம் வெளிவருவதே முக்கியம், ஒலியை யார் கவனிக்கப் போகிறார்கள்’ என்று அப்போது அறிவுரை கூறியவர்கள் பலர். குழுவுக்குள்ளேயே ஒருவர் அதே கருத்தை வலியுறுத்தி, தாமதத்தைக் காரணமாகக் காட்டி விலகிச் சென்றார். அந்த அறிவுரை தவறானது. முதல் ஆல்பம் ஒரு குழுவுக்கு ஒரே முறைதான் வாய்க்கும். நிகழ்ச்சி அமைப்பாளரும் விமர்சகரும் முதன்முதலாக வந்து கேட்கும் கேட்போரும் அதைக் கொண்டே குழுவை எடைபோடுவர். கேட்போர் ஒலிநுட்பத்தின் பெயர்களை அறியாதவராக இருக்கலாம், ஆனால் மெட்டு காதில் நிற்கவில்லை என்றால் அடுத்த பாடலுக்குத் தாவிவிடுவர். மீண்டும் பதிவு செய்த ஆல்பத்தின் கிட்டார் வரிகளை இரசிகர்கள் அரங்கில் சேர்ந்து பாடியதே அம்முடிவு சரி என்பதற்குப் போதிய சான்று.

இந்திய நிலையில் இச்சிக்கலுக்குச் சட்டத்தின் பக்கமும் ஒன்று உண்டு. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், ஒலிப்பதிவு ஒன்றின் ஆசிரியர் அதன் தயாரிப்பாளரே என்றும், அப்பதிவை உருவாக்கும் முன்முயற்சியையும் பொறுப்பையும் ஏற்பவரே தயாரிப்பாளர் என்றும் வரையறுக்கிறது. பாடல் வரிகளின் உரிமையும் மெட்டின் உரிமையும் இதனின்று வேறானவை. எனவே தன் பணத்தில் தன் திட்டப்படி பதிவு செய்யும் குழுவே தயாரிப்பாளர் என்று வாதிட வலுவான இடமுண்டு. அச்சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி உரிமை மாற்றம் எழுத்தில் அமைந்து கையொப்பமிடப்பட்டிருக்க வேண்டும். காலவரையறை குறிப்பிடப்படாவிட்டால் அது ஐந்தாண்டு என்றும், நிலப்பரப்பு குறிப்பிடப்படாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் கொள்ளப்படும். ஆனால் ஹார்ட் டிஸ்க் எப்போது ஒப்படைக்கப்படும், அதில் எந்தெந்தக் கோப்புகள் இருக்க வேண்டும் என்பதைச் சட்டம் சொல்லாது. ஒரே ஒரு தாளில் எழுதிய ஒப்பந்தம்தான் சொல்லும். வாய்மொழி உறுதி ஸ்டுடியோவின் வாசலைத் தாண்டியதும் மதிப்பிழந்துவிடுகிறது. எழுதிய ஒப்பந்தமும் படித்துப் பார்க்கப்பட வேண்டும் என்பதற்கு, 1989-இல் ஒளிர்ந்த முதல் ஆல்பத்தைத் தந்த ‘தி ஸ்டோன் ரோசஸ்’ குழு சாட்சி: தன் நிறுவனத்துடனான ஒப்பந்தத்திலிருந்து விடுபட அக்குழு நீதிமன்றம் செல்ல நேர்ந்தது, 1991-இல் விடுதலை கிடைத்தும், இரண்டாம் ஆல்பம் 1994 டிசம்பரில்தான் வெளிவந்தது.

ஏனைய படிகள் வழக்கமானவை, அவற்றைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். இத்தகைய குழுவில் நால்வர் இருப்பர், நால்வரும் வேலைக்குச் செல்வர், ஒத்திகை அறையை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுப்பர். ஆகவே பாடலின் கட்டமைப்பை ஒத்திகையிலேயே முடித்துவிட்டு, கைப்பேசியில் பதிவு செய்த டெமோவுடன் ஸ்டுடியோவுக்குச் செல்வதே பணத்தைக் காக்கும் வழி. தந்திகளைப் பதிவுக்கு முன் புதிதாக மாற்ற வேண்டும். 12-ஆம் ஃப்ரெட்டில் அழுத்தி வாசிக்கும் சுரமும் அதே இடத்தின் ஹார்மோனிக் சுரமும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்து இன்டொனேஷனைச் சரிசெய்ய வேண்டும். கடற்கரை நகரத்தின் ஈரக்காற்றிலிருந்து குளிரூட்டிய அறைக்குள் வரும் கிட்டாரின் கழுத்து அசையும் என்பதால், கருவியை முன்கூட்டியே அறையில் வைத்துப் பழக்க வேண்டும். ஆம்பின்முன் ஷூர் எஸ்.எம்.57 போன்ற ஒரு மைக் போதும். இரண்டாவது மைக்கை 34 சென்டிமீட்டர் பின்னால் வைத்தால் ஒலி அதை ஒரு மில்லி விநாடி தாமதமாக அடைவதால், இரண்டையும் கலக்கும்போது 500 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலி ஒன்றையொன்று அழித்து, கிட்டார் மெலிந்துவிடும்.

மாஸ்டரிங், அதாவது முடிந்த மிக்ஸ்களுக்கு இறுதிச் சீரமைப்புச் செய்யும் கட்டத்திலும், உரத்த ஒலி மீதான அதே மோகம் தலைகாட்டும். ஸ்பாட்டிஃபை தளம் வழக்கமான அமைப்பில் எல்லாப் பாடல்களையும் சராசரியாக −14 எல்.யு.எஃப்.எஸ். அளவுக்குச் சமன்செய்து ஒலிபரப்புகிறது, எல்.யு.எஃப்.எஸ். என்பது செவி உணரும் உரப்பை அளக்கும் அலகு. ஆகவே ஒலியலையின் மேடுகளை நசுக்கி உரப்பை ஏற்றிய பாடல் அங்கே குறைக்கப்பட்டுவிடுகிறது. மிஞ்சுவது நசுங்கிய டிரம்ஸும் மூச்சற்ற கிட்டாரும் மட்டுமே.

ஆகவே முதல் ஆல்பத்தில் இறங்கும் குழு மூன்று நிபந்தனைகளில் விட்டுக்கொடுக்கக் கூடாது. கிட்டாரின் கரகரப்பும் அடுக்கும் எந்த அளவில் இருக்க வேண்டும் என்பதை அப்பாடலை எழுதியவரே தீர்மானிக்க வேண்டும். ஒவ்வொரு கிட்டார் டேக்குடனும் டிரை சிக்னல் 24-பிட் வேவ் கோப்பாகப் பதிவாக வேண்டும், அந்நாள் முடியும் முன் குழுவின் சொந்த ஹார்ட் டிஸ்கில் நகலெடுக்கப்பட்டு, அங்கேயே திறந்து கேட்கப்பட வேண்டும். இறுதித் தவணை, கோப்புகள் முழுமையாகக் கைக்கு வந்த பிறகே செலுத்தப்பட வேண்டும். இம்மூன்றையும் ஏற்க மறுக்கும் ஸ்டுடியோ எத்தனை பெயர் பெற்றதாயினும், எத்தனை குறைந்த கட்டணம் கேட்டாலும், அங்கே முதல் ஆல்பத்தைப் பதிவு செய்ய வேண்டாம்.