கணினிக் கூடமும் முகவரிப் பங்கீடும்

ஒரு தெருவில் இரண்டு வீடுகட்கு ஒரே எண் இருப்பின், அஞ்சற்காரர் கொணரும் கடிதம் எவ்வீட்டைச் சேரும்? கணினிகள் தம்முள் செய்தி பரிமாறும் வலையமைப்பிலும் இவ்வினாவே தலையாயது. பள்ளிக் கணினிக் கூடங்களில் முகவரி பங்கிடும் முறையை ஈண்டு ஒருசிறிது ஆராய்வோம்.

ஐ.பி. முகவரியாவது யாது? 1981ஆம் ஆண்டில் வகுக்கப்பெற்ற நான்காம் பதிப்பின்படி, அது 32 இரும இலக்கங்களால் ஆயது. அதனை நான்கு எண்களாகப் பகுத்து, இடையிடையே புள்ளியிட்டு எழுதுவோம். ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை வரும். இங்ஙனம் அமையும் முகவரிகள் ஏறத்தாழ 430 கோடி. உலகின் கருவிகட்கெல்லாம் இவை போதா. ஆதலின், நிறுவனங்களின் உள்வழக்கிற்கெனச் சில தொகுதிகள் 1996இல் வரையறுக்கப்பட்டன. 192.168 எனத் தொடங்குவன அவற்றுள் ஒருவகை. இவற்றை எப்பள்ளியும் யாரையும் கேளாது தன் மதிலுக்குள் வழங்கலாம்.

முகவரியை ஒவ்வொரு கணினியிலும் கையால் எழுதி வைத்தல் ஒரு முறை. 1993இல் வெளிவந்த டி.எச்.சி.பி. என்பது மற்றொரு முறை. இதன்கண், கணினி விழித்தவுடன் "முகவரி தருவார் உளரோ?" என்று வினவும், வழங்கி, "இஃது உளது" என்று காட்டும், கணினி, "அதனையே வேண்டுகின்றேன்" எனும், வழங்கி, "இத்துணைக் காலத்திற்குத் தந்தேன்" என்று பதிந்துகொள்ளும். நூலகத்தில் நூலை இரவல் பெறுதல் போல்வது இது. தவணையில் பாதி கழிந்ததும் கணினி அதனைப் புதுப்பிக்க முயலும்.

இனி, எதனை நிலையாகக் கொடுப்பது, எதனை இரவலாகக் கொடுப்பது? பிறர் தேடிவரும் கருவிக்கு நிலைமுகவரி. பிறரைத் தேடிச் செல்லும் கருவிக்கு இரவல் முகவரி என்பதே எம் துணிபு.

40 கணினிகள் உள்ள கூடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதற்கு 192.168.10 என்னும் தொகுதியை அளிப்பின், கருவிகட்குக் கொடுக்கத்தக்க முகவரிகள் 254 கிடைக்கும். 1 முதல் 20 வரையுள்ளன ரௌட்டர், வழங்கி, பிரிண்டர் ஆகியவற்றிற்கு நிலையாய் நிற்க. 101 முதல் 140 வரையுள்ளன கூடத்துக் கணினிகட்கு ஆகுக. ஒவ்வொன்றின் மேக் எண்ணையும் வழங்கியில் பதிந்துவிடின், 17ஆம் கணினி என்றும் 117 என்னும் முகவரியையே பெறும். பழுதுற்றது எதுவென ஆசிரியர் நொடியில் அறிவர். 151 முதல் 250 வரையுள்ள 100 முகவரிகள் மாணவர் கொணரும் மடிக்கணினி, கைப்பேசிகட்கு இரவலாகுக.

தவணையின் அளவும் கருதத்தக்கது. காலை, நண்பகல், மாலை என மூன்று வகுப்பினர், வகுப்புக்கு 40 பேராக, கைப்பேசியோடு வந்துசெல்கின்றனர் எனக் கொள்வோம். தவணை ஒரு நாளாயின் வேண்டுவன 120, இருப்பனவோ 100. மாலை வகுப்பினருள் 20 பேர் வறிதே நிற்பர். தவணையை இரண்டு மணியாக்கின், காலையில் வந்தோர் விட்ட முகவரி மாலையில் வருவோர்க்கு உதவும்.

நிற்க, கையால் எழுதிய முகவரி இரவல் எல்லைக்குள் விழலாகாது. என்னை? அக்கணினி அணைந்திருக்கும்போது வழங்கி அம்முகவரியைப் பிறிதொன்றற்குக் கொடுத்துவிடல் கூடும். பின் இரண்டும் ஒருங்கே இயங்குங்கால் இரண்டும் தடுமாறும். செய்முறைத் தேர்வு வேளையில் இது நேரின், பிழை செய்யாத மாணவர் இருவர் நேரம் இழப்பர். 169.254 எனத் தொடங்கும் முகவரி ஒரு கணினியில் தோன்றின், அது வழங்கியிடம் விடை பெறவில்லை என்பது குறிப்பு. கம்பியையும் வழங்கியையும் முதற்கண் நோக்குக. யாரேனும் வீட்டு ரௌட்டர் ஒன்றைக் கூடத்தில் இணைத்துவிடின், அதுவும் தானே வழங்கியாகி மாறான முகவரிகளைக் கொடுக்கத் தொடங்கும். அதனை உடனே கண்டு அகற்றல் வேண்டும்.

இவையெல்லாம் நிலைபெறுதற்கு வேண்டுவது ஒரு பதிவேடு. எவ்வெண் எக்கருவிக்கு உரியது என்று எழுதி, மாற்றந்தோறும் நாளிட்டுத் திருத்திக் கூடத்திலேயே வைத்தல் வேண்டும். அமைத்தவர் வேறிடம் சென்றபின் வருபவர்க்கு அதுவே வழிகாட்டி. ஆசிரியப் பணி மேற்கொள்ளவிருக்கும் எம் தோழர்களும், மேற்கொண்டுள்ள பழைய மாணவர்களும் தத்தம் பள்ளிகளில் இப்பதிவேட்டை இன்றே தொடங்குவாராக.