கருப்பு பீரை ஆறப்போடுகிறவர்களுக்கு

டெல்லியில் குடிக்கச் சட்டப்படி வயது 25. அது ஆகாதவர்கள் இதை மடித்து வைத்துவிட்டு, ஆன பிறகு படிக்கலாம். மற்ற தம்பி தங்கைகளுக்கு, இந்த ஊரில் பல கோடைகளைப் பார்த்தவன் சொல்வது இது.

1. ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பது பெரும்பாலான பீருக்குப் பொருந்தும். லேபிளில் ‘ஸ்ட்ராங்’ என்று போட்டிருக்கிறதே என்று ஹேவர்ட்ஸ் 5000-ஐயும் காட்ஃபாதரையும் சேமிக்காதீர்கள். அவை லாகர், வாங்கிய சூட்டோடு குடிக்க வேண்டியவை. வைத்திருந்தால் நனைந்த அட்டைப்பெட்டி வாடைதான் மிஞ்சும். வறுத்த மால்ட்டில் காய்ச்சிய, 8 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள கருப்பு பீர் வருடங்களைத் தாங்கும். நமக்கு மிக அருகில் கிடைப்பது இலங்கையின் லயன் ஸ்டவுட், 8.8 சதவீதம். 1881-இல் நுவரெலியா குளிரில் தொடங்கிய ஆலையின் வாரிசு அது. இப்போது பியகமவில் காய்ச்சுகிறார்கள். பீரைப் பற்றி எழுதிப் பெயர் பெற்ற ஆங்கிலேயர் மைக்கேல் ஜாக்சன் அதை வெளியுலகுக்குப் புகழ்ந்து சொன்னவர். பெல்ஜியத் துறவிகளின் ரோஷ்ஃபோர் 10 கைக்கு வந்தால் விடாதீர்கள், 11.3 சதவீதம்.

2. டெல்லியில் உங்கள் எதிரி வெயில். பீர் காய்ச்சுபவர்களிடம் ஒரு கைக்கணக்கு உண்டு: 32 டிகிரியில் 3 நாள், 22 டிகிரியில் 30 நாள், 3 டிகிரியில் 300 நாள், மூன்றும் பீருக்கு ஒரே அளவு வயதைக் கூட்டும். துல்லியமான விதி அல்ல. ஆனால் மே, ஜூனில் 45 டிகிரியைத் தொடும் ஊரில் அதை மறந்தவன் பரணில் பாட்டிலை வைப்பான். தரைக்கடியில் அறை இருந்தால் போதாதா என்று கேட்பீர்கள். முகலாயர்கள் கோடைக்கு ஒதுங்கிய தஹ்கானாக்கள் இங்கே உண்டு, டிஃபன்ஸ் காலனியில் பேஸ்மென்ட்களும் உண்டு. ஆனால் ஆழமான மண்ணின் சூடு என்பது அந்த ஊரின் வருட சராசரிதான். டெல்லிக்கு அது ஏறக்குறைய 25 டிகிரி. மனிதனுக்கு அது சொர்க்கம். பீருக்கு வேண்டியதோ 10 முதல் 13 வரை. லண்டன்காரனின் நிலவறை அவனுக்குச் சும்மா கிடைத்தது, நாம் மின்சாரக் கட்டணம் கட்டித்தான் வாங்க வேண்டும். ஒயின் ஃப்ரிட்ஜ் உத்தமம். இல்லையென்றால் சாதாரண ஃப்ரிட்ஜின் காய்கறித் தட்டு. முதிர்வு மெதுவாகும், கெடாது.

3. பாட்டிலை நிற்க வையுங்கள், படுக்க வைக்காதீர்கள். கார்க்கை ஈரமாக வைக்கும் கவலை தகர மூடிக்கு இல்லை. மண்டியும் அடியில் ஒழுங்காகத் தங்கும். வெளிச்சம் ஆகாது.

4. கணக்கு வையுங்கள். டெல்லி கலால் விதிப்படி 25 வயது கடந்த ஒருவர் வீட்டில் பீரும் ஒயினும் 18 லிட்டர் வரை, விஸ்கி, ரம் வகையறா 9 லிட்டர் வரை வைத்திருக்கலாம். 2022-இல் ஒரு கூட்டுக் குடும்பத்தின் வழக்கில், தலைக்கு இவ்வளவு என்றுதான் கணக்கிட வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றமே சொன்னது. லயன் ஸ்டவுட்டோடு கொழும்பிலிருந்து விமானத்தில் வருபவருக்கு வரியில்லாமல் 2 லிட்டர் மது அனுமதி. 330 மில்லி பாட்டில் என்றால் சரியாக ஆறு.

5. அந்த ஆறையும் ஒரே பீராக வாங்குங்கள். ஒன்றை உடனே குடித்து, நாலு வரி எழுதி வையுங்கள். பிறகு குளிர்காலத்துக்கு ஒன்று. புதுப் பாட்டில் ஒன்று கிடைத்தால் பழையதன் பக்கத்தில் ஊற்றிப் பாருங்கள். தனியாகக் குடித்தால் பழையது எல்லாமே உயர்வாகத்தான் தோன்றும், காத்திருந்த மனசு அப்படி.

6. ஐஸ் போல் குளிர்ந்தால் நாக்கு மரத்துவிடும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அரை மணி நேரம் வெளியே வைத்து, வாய் குறுகிய சிறு கிளாஸில், மண்டி கலங்காமல் சரித்து ஊற்றுங்கள். முதலில் மூக்கு, பிறகு நாக்கு.

7. காலம் முதலில் தின்பது ஹாப்ஸின் மணத்தை, பிறகு கசப்பை. வறுத்த காப்பிக்கொட்டைக் காட்டம் தணியும், ஆல்கஹாலின் எரிச்சல் அடங்கும். மெல்லப் புகும் ஆக்ஸிஜன் உலர்ந்த திராட்சை, பேரீச்சம்பழம், ஷெர்ரி ஒயின் போன்ற மணங்களைத் தரும். பதனிட்ட தோலின் வாசனை கொஞ்சம் வந்தால் நல்லது. சோயா சாஸ் லேசாக வந்தால் பொறுக்கலாம், தூக்கலாக வந்தால் ஈஸ்ட் செத்துக் கரைந்துவிட்டது. புளித்தால் கொட்டிவிடுங்கள். விலையை நினைத்து விழுங்குவது ரசனை ஆகாது. என்னைக் கேட்டால் லயன் ஸ்டவுட்டுக்கு இரண்டு மூன்று வருடம் போதும், பத்து வருடப் பெருமை பேசுபவர்கள் பேசட்டும்.

8. மசாலா மிக்ஸர் வேண்டாம். டெல்லிக் குளிரில் வரும் எள்ளும் வெல்லமும் சேர்த்த கஜக் இதற்கென்றே செய்ததுபோல் இருக்கும்.

9. 330 மில்லி லயன் ஸ்டவுட்டில் ஏறக்குறைய 29 மில்லி ஆல்கஹால் இருக்கிறது. 60 மில்லி விஸ்கியில் உள்ளதைவிட அது சற்று அதிகம். ஒரு பாட்டிலை மூன்று பேர் பங்கிடுங்கள். வண்டி ஓட்ட 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம்தான் சட்ட வரம்பு. சாவியை வீட்டில் வைத்துவிட்டு மெட்ரோவில் வாருங்கள்.