நீருக்குள் இருக்கும் படி

அன்புள்ள மகளுக்கு,

பேரூராட்சியில் இளநிலைப் பொறியாளராகச் சேர்ந்திருக்கிறாய் என்று உன் அப்பா போனில் சொன்னார். சந்தோஷம். ஆற்றங்கரைப் படித்துறைகளும் உன் பொறுப்பில் வருகின்றன என்றும் சொன்னார். அதைக் கேட்டதும் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ரோடு, குடிநீர், தெருவிளக்கு, வரி என்று ஆயிரம் இருக்க, படித்துறை ஒரு சில்லறை வேலை என்று அங்கே யாராவது உன்னிடம் சொல்லியிருப்பார்கள். எனக்கும் முதல் நாளே சொன்னார்கள். அம்பாசமுத்திரத்துக்கும் சேரன்மகாதேவிக்கும் நடுவில், இதே தாமிரபரணிக் கரையில், 31 வருடம் பணி ஆய்வாளராக இருந்துவிட்டு வந்தவன் நான். நம்மூரில் பூங்கா கிடையாது, நீச்சல் குளம் கிடையாது. பிள்ளைகளுக்கு விடுமுறை என்றால் ஆறு. வயசானவர்களுக்குச் சாயங்காலம் என்றால் ஆறு. கைக்காசு செலவில்லாமல் ஒரு ஏழைக் குடும்பம் ஒரு நாளைக் கழிக்க வேறு எந்த இடமும் நம்மிடம் இல்லை. இதைச் சில்லறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உனக்கும் வரக் கூடாது.

முதல் வேலையாக, அமாவாசையோ விசேஷமோ இல்லாத ஒரு நாளில், விடிந்தும் விடியாமலும் தனியாகப் போ. ஒப்பந்தக்காரரைக் கூட்டிக்கொண்டு போகாதே. செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கு. மண்டபம், பெயர்ப்பலகை, அலங்கார வளைவு இதையெல்லாம் பார்க்க எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நீ பார்க்க வேண்டியது தண்ணீருக்குள் முங்கிக் கிடக்கும் கடைசி மூன்று படிகளை.

ஏன் என்று சொல்கிறேன். வெள்ளம் இறங்கி வரும்போது படித்துறையின் மேல்பக்க முனையில் மோதித் திரும்பிச் சுழலும். அந்தச் சுழல் அடிப்படிக்குக் கீழே இருக்கும் மணலைத் தோண்டி எடுத்துக்கொண்டு போய்விடும். படிக்கல் அந்தரத்தில் நிற்கும். கரையிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும். ஒரு நாள் ஒரு அம்மா நிறைகுடத்தோடு அதன் விளிம்பில் காலை வைப்பாள், கல் சாயும். ஒரு கம்பை எடுத்துப் படிக்கு அடியில் குத்திப் பார். மணலில் முட்டினால் நல்லது. உள்ளே போய்க்கொண்டே இருந்தால் அதுதான் உன் முதல் மதிப்பீடு. மேலே சிமென்ட் பூசி அதைச் சரிசெய்துவிட முடியாது. அடியில் உள்ள பள்ளத்தைக் கல்லைப் போட்டு நிரப்பி, கம்பி வலைக்குள் பெரிய கற்களை அடைத்து முன்னால் தடுப்பாக வைக்க வேண்டும். கண்ணுக்கே தெரியாத இந்த வேலைக்குப் பணம் கேட்டால் மேலதிகாரிகள் முகம் சுளிப்பார்கள். கேள். திரும்பத் திரும்பக் கேள்.

இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. துணி துவைக்க வரும் ஒரு ஆச்சி சொல்லித் தெரிந்துகொண்டேன். “ஏய்யா, அந்த நாலாம் படி ஆடுதுய்யா. ஆளு விழுந்த பொறவா வருவிய?” என்று கேட்டாள். மேலே நின்று பார்த்துவிட்டு ஒன்றுமில்லை ஆச்சி என்றேன். அவள் என் கையைப் பிடித்து இறக்கி அந்தக் கல்லின் மேல் நிற்க வைத்தாள். ஆடியது. அன்றிலிருந்து எந்தத் துறைக்குப் போனாலும் துவைக்கும் பெண்களிடம் முதலில் விசாரித்துவிட்டுத்தான் நோட்டைத் திறப்பேன். எந்தப் படி ஆடுகிறது, எங்கே பாசி, எந்த இடத்தில் கசம் விழுந்திருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு எந்த வரைபடத்திலும் இருக்காது. மணல் அள்ளிய காலத்தில் ஆற்றின் அடி பல இடங்களில் மாறிப்போனது. முட்டளவு என்று நேற்றுவரை நம்பிய இடத்தில் இன்று ஆள் முங்கும் ஆழம் இருக்கிறது. கசம் என்ற சொல்லைக் கேட்டதும் உனக்கு வயிறு கலங்க வேண்டும்.

இனி என் தப்பு ஒன்றைச் சொல்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த ஏழாவது வருடம், ஒரு துறைக்கு நிதி வந்தது. பழைய கருங்கல் படிகளின் மேல் பளபளவென்று கலர் டைல்ஸ் ஒட்டலாம் என்றார்கள். பார்க்க நன்றாக இருக்கும் என்று நானும் கையெழுத்துப் போட்டேன். திறப்பு விழாவில் எல்லாரும் பாராட்டினார்கள். மூன்றாம் மாதம் பாசி ஏறியது. ஒரு பாட்டி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அதற்குப் பிறகு அவர் ஆற்றுக்கு வரவே இல்லை. அந்த டைல்ஸைப் பெயர்த்தெடுக்க எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று. உளியால் புள்ளி புள்ளியாகக் கொத்திவிட்ட கருங்கல்லில் கால் பிடிக்கும். தேய்ந்துபோனால் கல்தச்சரைக் கூப்பிட்டு மறுபடி கொத்திவிட்டால் போதும். உன் மேசைக்கு எந்த மதிப்பீடு வந்தாலும் அதில் பாலிஷ், டைல்ஸ், கிரானைட் என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று முதலில் பார். இருந்தால் அடித்துவிடு.

பாசிக்கு பிளீச்சிங் பவுடரைக் கொட்டுவார்கள். கரையோரம் மேயும் சின்ன மீன்கள் செத்து மிதக்கும், பத்து நாளில் பாசி திரும்பி வரும். ஆற்று மணலைத் தூவி, தென்னை மட்டையால் அழுத்தித் தேய்க்கச் சொல். வாரம் இரண்டு தடவை, ஒரு ஆளுக்கு ஒரு மணி நேர வேலை. இதற்கென்று ஒரு ஆளைப் பெயர் சொல்லி நியமித்துவிடு. பொதுவாகச் சொன்னால் யாரும் செய்ய மாட்டார்கள்.

காலக் கணக்கு ஒன்று இருக்கிறது, அதைப் பிடித்துக்கொள். நம் அலுவலகத்தின் வருடம் மார்ச் 31-ல் முடிகிறது. ஆறு அடிமட்டத்துக்கு இறங்குவதோ ஏப்ரல், மே மாதங்களில். பிசான நெல் அறுவடை முடிந்து, கார் பருவத்துக்குத் தண்ணீர் திறக்கும் முன் உள்ள அந்த இடைவெளிதான் கீழ்ப்படிகளில் கைவைக்கும் காலம். ஜூனில் தென்மேற்குப் பருவமழை மலையில் பிடித்துவிட்டால் முடிந்தது. பணம் இருக்கும்போது தண்ணீர் நிற்கும், தண்ணீர் வடியும்போது பணம் காலாவதியாகிவிடும். இதனால்தான் வருடா வருடம் மேல்படியிலேயே பெயிண்ட் அடித்துக் கணக்கை முடிக்கிறார்கள். நீ ஜனவரியிலேயே மதிப்பீட்டைத் தயார்செய்து, ஏப்ரலில் வேலை நடக்கும்படி உத்தரவு வாங்கிவிடு. கொஞ்சம் அலைய வேண்டியிருக்கும்.

பாபநாசத்தில் நீயே பார்த்திருப்பாய். பரிகாரம் செய்ய வருகிறவர்கள் உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். மூட்டை மூட்டையாக எடுத்தாலும் தீரவில்லை. அந்தத் துணி அங்கேயே கிடப்பதில்லை, மகளே. நம் துறைவரைக்கும் வருகிறது. ஒருமுறை கைப்பிடிக் கம்பியின் அடியில் ஒரு பச்சைச் சேலை சுற்றிக்கொண்டு கிடந்தது. இழுத்தால் வரவில்லை. மணல் ஏறி ஏறிக் கல்லாகக் கனத்துக் கிடந்தது. அரிவாளால் அறுத்து எடுத்தோம். உள்ளே இன்னொரு வேட்டி, அதற்குள் ஷாம்பு பாக்கெட்டுகள், ஒரு குழந்தையின் கவுன். ஒரு பையனின் கால் அதில் மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. “துணிகளை ஆற்றில் விடாதீர்” என்று பலகை வைத்தால் யாரும் படிப்பதில்லை. துக்கத்தோடு வருகிறவர்களுக்குப் பலகை கண்ணில் படாது. ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் தண்ணீருக்கு இரண்டு படி மேலே பெரிய கூடைகளை வைத்து, பக்கத்தில் பொறுமையாகப் பேசத் தெரிந்த ஒருவரை நிறுத்து. சடங்கு செய்து வைக்கும் ஐயர்களிடம் முன்கூட்டியே பேசிவிடு. “இதில் போடுங்கம்மா” என்று அவர்கள் வாயால் சொன்னால் போட்டுவிடுவார்கள். தண்ணீரில் மிதந்து படரும் அமலைச் செடியும் இப்படித்தான்: கொஞ்சமாக இருக்கும்போதே கையால் அள்ளிவிட்டால் ஒரு நாள் வேலை, விட்டுவிட்டால் பொக்லைன் வர வேண்டும்.

இப்போது எனக்கு மிகவும் வலிக்கிற விஷயத்துக்கு வருகிறேன். ஒரு துறையில் ஒரு பையன் முங்கி இறந்தான். ஊரே அழுதது. அடுத்த வாரம் மேலிடத்திலிருந்து வந்து அந்தத் துறையைக் கம்பி வேலி போட்டு அடைத்து, “இங்கு குளிக்கத் தடை” என்று எழுதிவிட்டுப் போனார்கள். வெயில் காலத்தில் பிள்ளைகள் குளிக்காமல் இருப்பார்களா? நூறடி தள்ளி, படியே இல்லாத கரையில், நாணலைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். கசம் இருந்ததே அந்த இடத்தில்தான். நல்ல படியை மூடிவிட்டுப் பிள்ளைகளைக் கசத்துக்கு அனுப்பியிருக்கிறோம். அந்த வேலிக்கு நானும் ஆள் வைத்துக் குழி தோண்டினேன். பராமரிக்க முடியாத இடத்தை மூடுவதுதான் அலுவலகத்துக்கு எப்போதும் எளிது. அந்த எளிய வழிக்கு நீ சம்மதிக்காதே.

மூட வேண்டிய நேரமும் உண்டு. அதைத் தண்ணீரைப் பார்த்து முடிவு செய். குற்றாலம் பேரருவியில் பாதுகாப்பு வளைவு இருக்கிறது. அதைத் தாண்டித் தண்ணீர் கொட்டினால் குளிக்கத் தடை என்பது நம் பக்கத்துச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். யாரும் விளக்கம் கேட்பதில்லை. அப்படி ஓர் அளவு உன் ஒவ்வொரு துறைக்கும் வேண்டும். மண்டபத் தூணில் ஒரு சிவப்புக் கோடு, கீழே “இதுவரை தண்ணீர் வந்தால் இறங்காதே” என்று பெரிய எழுத்து. போதும். மலையில் மழை பெய்யும்போது இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும் என்பதை மறக்காதே. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் 17 வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போனது, சடலமாகத்தான் கிடைத்தான். தண்ணீர் கலங்கிச் செம்மண் நிறத்துக்கு மாறுவது, சருகும் சுள்ளியும் மொத்தமாக மிதந்து வருவது, இரைச்சல் கூடுவது, இந்த மூன்றையும் உன் துறைகளில் உள்ள டீக்கடைக்காரருக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் சொல்லிக்கொடு. ஒவ்வொரு துறையிலும் ஒரு காலி கேனை மூடி இறுக்கி, நீளமான கயிற்றில் கட்டித் தூணில் மாட்டி வை. யாரும் குதித்துக் காப்பாற்றப் போகாமல் அதை வீசட்டும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை உனக்கு நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. நான் ஓய்வு பெற்றிருந்தாலும் தண்ணீர் வடிந்ததும் போய்ப் பார்த்தேன். துறைகளில் பாதிப் படிகள் மணலுக்குள் போயிருந்தன. வண்டல் ஈரமாக இருக்கும் முதல் வாரத்திலேயே அள்ளிவிட வேண்டும். காய்ந்தால் கெட்டிப்படும், அதில் சீமைக்கருவேலம் முளைக்கும், வேர் கல் இடுக்கில் இறங்கிப் படியைப் பிளக்கும். குறுக்குத்துறை முருகன் கோயிலை இதற்காகவே ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வா. ஆற்றுக்குள்ளேயே நிற்கிறது. வெள்ளம் வந்தால் உற்சவரை மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். வடிந்ததும் மணலை அள்ளி, கழுவிவிட்டு, மறுபடி பூசை தொடங்கும். வெள்ளம் வரும் என்று தெரிந்தே அங்கே கட்டி, கழுவுவதையும் வழக்கத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

தண்ணீரின் தரமும் உன் வேலைதான். குளிக்கும் நீருக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளவு வைத்திருக்கிறது: 100 மில்லி லிட்டரில் மொத்தக் கோலிஃபார்ம் கிருமிகள் 500-க்கு மேல் போகக் கூடாது, கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லி கிராமுக்குக் குறையக் கூடாது. சாக்கடை எந்த இடத்தில் ஆற்றில் விழுகிறது, துறைக்கு மேலேயா கீழேயா என்று நடந்து போய்ப் பார்த்துக் குறித்துக்கொள். மேலே விழுகிறது என்றால் படியை எவ்வளவு அழகாக வைத்தாலும் பிரயோஜனமில்லை.

பெண்கள் உடை மாற்றும் அறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, மேலே பல்பு எரிகிறதா என்பதை நான் பல வருடம் பார்க்கவே இல்லை. எனக்குத் தோன்றவில்லை. உனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்காது.

கடைசியாக ஒன்று, கொஞ்சம் கசப்பாக இருக்கும். ஒரு காலத்தில் சாதிக்கொரு துறை இருந்தது. அந்த வழக்கத்தின் மிச்சம் இன்றும் சில ஊர்களில் இருக்கிறது. 2018-ல் தாமிரபரணி புஷ்கரத்துக்கு லட்சக்கணக்கில் கூட்டம் வந்தபோது கோயில் வாசல் துறைகளுக்கெல்லாம் வெளிச்சம் கிடைத்தது. காலனிக்காரர்கள் இறங்கும் துறையில் பாதிக் கல் ஆற்றோடு போய்ப் பல வருடம் ஆகியிருக்கும், அதற்கு ஒரு கோப்புக்கூட இருக்காது. உன் கையில் வரும் முதல் பராமரிப்புப் பணத்தை அங்கே செலவழி. பேச்சு வரும். தாங்கிக்கொள்.

என்னிடம் ஓர் எட்டடி மூங்கில் கம்பு இருந்தது, அடிக்கு ஒரு சிவப்புக் கோடு போட்டது, நுனியில் இரும்புப் பூண் இறக்கியது. ஓய்வு பெற்ற அன்று அதை உங்கள் அலுவலகப் பின்கட்டில், பழைய குடிநீர்க் குழாய்களுக்குப் பக்கத்தில் சாத்தி வைத்துவிட்டு வந்தேன். இருக்கிறதா என்று தேடிப் பார். இருந்தால் இந்த வாரமே எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போ.

இப்படிக்கு,
உன் பெரியப்பா