ஜிம்மிக்கு எது நல்லது?

அன்புள்ள கயல்,

உங்கள் நாய் ஜிம்மிக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது என்றும், வலியில்லாமல் வழியனுப்ப ஊசி போடுவதா வேண்டாமா என்பதை உங்களிடமே டாக்டர் விட்டுவிட்டார் என்றும் உன் அப்பா போனில் சொன்னான். “உயிரை எடுக்க நாம் யார்?” என்று அழுதாயாம். நியாயமான கேள்விதான். ஆனால் 13 வருடங்களாக ஜிம்மி என்ன சாப்பிடுவது, எங்கே படுப்பது என்று எல்லாவற்றையும் முடிவு செய்தது அந்த வீடுதானே? கடைசி முடிவை மட்டும் தள்ளிப்போட்டால் அதன் பாடு ஜிம்மிக்குத்தான்.

சிறுநீரகம் ஓய்ந்த நாய்க்குக் கழிவு ரத்தத்திலேயே தேங்கும். குமட்டல், வாந்தி, வாய்ப்புண், மெலிவு என்று ஒவ்வொன்றாக வரும். தூக்கத்திலேயே போய்விடும் என்று பலர் காத்திருப்பார்கள். அப்படிப் போகிற நாய்கள் குறைவு. வலித்தால் கத்துமே என்பதும் தப்புக் கணக்கு. நாள்பட்ட வலியில் நாய் பெரும்பாலும் கத்தாது. ஒதுங்கிப் படுக்கும், மூச்சிரைக்கும், ராத்திரியில் நிலைகொள்ளாமல் அலையும்.

நாயின் கஷ்டத்தை அளந்து பார்க்க ஒரு வழி உண்டு. அமெரிக்காவில் விலங்குகளின் புற்றுநோய்க்கு மருத்துவம் பார்க்கும் ஆலிஸ் வில்லலோபோஸ் 2004-இல் வகுத்தது. வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா என்று 7 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 10 மார்க்; நிலைமை நன்றாக இருந்தால் அதிக மார்க். மொத்தம் 35-ஐத் தாண்டினால் பராமரிப்பைத் தொடரலாம். வலி என்பதில் மூச்சுத்திணறலும் சேர்த்தி. அவர் முதலில் பார்க்கச் சொல்வதும் அதைத்தான்.

வாரம் ஒருமுறை வீட்டில் ஆளுக்கொரு தாளில் மார்க் போடுங்கள். நல்ல நாளைக் காலண்டரில் வட்டமிடு. பாசம் மறைப்பதைக் காலண்டர் காட்டிவிடும்.

மார்க் குறைந்தால் உடனே ஊசி என்று அர்த்தமில்லை. குமட்டலுக்கு மருந்து இருக்கிறது. தோலுக்கடியில் திரவம் ஏற்றலாம். அதில் சில நாய்கள் மறுபடி தட்டைத் தேடி வரும். ஆனால் வீட்டிலிருக்கும் வலி மாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதே. ஐபுபுரூஃபென் நாயின் சிறுநீரகத்தையே கெடுக்கும். மருந்து கொடுத்தும் மார்க் ஏறவில்லையென்றால், அதுதான் பதில்.

காசைப் பார்த்துத்தான் கைவிடுகிறோமோ என்று உன் அப்பாவுக்கு உறுத்தல். பிரிட்டன் ராணியாக இருந்த எலிசபெத்துக்குக் காசில் எந்தக் குறையும் இருந்ததில்லை. அவருடைய 18-ஆம் பிறந்தநாளுக்குப் பரிசாக வந்த சூசன் என்ற கார்கியின் வழியில் 14-ஆம் தலைமுறை நாய் வில்லோ. புற்றுநோய் முற்றியதும், 2018 ஏப்ரலில், அதை ஊசி போட்டே வழியனுப்பினார்கள். வைத்தியத்துக்கு ஓர் எல்லை உண்டு. அது அரண்மனைக்கும் ஒன்றுதான்.

அந்த நாளில் நடப்பது இவ்வளவுதான்: பெரும்பாலும் முதலில் மயக்க ஊசி. பிறகு ரத்தக்குழாயில் மயக்க மருந்தையே மிக அதிக அளவில் ஏற்றுவார்கள். முதலில் நினைவு தப்பும். அதன் பிறகே மூச்சும் இதயமும் நிற்கும். கண் திறந்தபடியே இருக்கும், சிறுநீர் கழியலாம், ஒரு பெருமூச்சும் வரலாம். பயந்துவிடாதே, அப்போது அதற்கு வலி தெரியாது.

வீட்டுக்கே வந்து போடுவாரா என்று டாக்டரிடம் இப்போதே கேட்டு வை. அவசரமாக நடுராத்திரியில் காரில் தூக்கிக்கொண்டு ஓடும் நிலைமை வர வேண்டாம். முடிந்தால் பக்கத்திலேயே இரு. தெரிந்த குரல் கேட்டால் அது பதறாது.

அன்புடன்,
பெரியப்பா